டேர்போ லொறியின் சூடு

ஒரு போக விளைச்சலை ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறும் டேர்போ லொறியின் புகைவாயு 500 பாகை செல்சியசையும் தாண்டும். அச்சூட்டை மறிக்கவே டேர்போவின் மேல் தகட்டு மறைப்பு உள்ளது. திருத்தவேலையின்போது கழற்றியவர்கள் அதைத் திரும்பப் பூட்டாமல் விடுவதைப் பல இடங்களிலும் காண்கிறோம். பிறகு றப்பர் குழாய்களும் வயர்களும் கருகும்.

களத்தில் நிற்கும் லொறிக்குப் பதரும் தூசியுமே பெரிய எதிரி. அவை றேடியேற்றர் இடுக்குகளை அடைத்தால் காற்றுப் புகாது. எஞ்சின் ஆறியபின், உள்ளிருந்து வெளிப்புறமாக மெல்லத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். டேர்போவில் ஒட்டிய வைக்கோல் துரும்பையும் விடாதீர்கள். மூடைகளோடு லொறியும் எரிய அது போதும்.

மேடேறி வந்த கையோடு எஞ்சினை நிறுத்தவும் வேண்டாம். ஒயில் ஓட்டம் நின்றால், சூடேறிய டேர்போத் தண்டில் அது கருகிப் படியும். மூன்று நிமிடமாவது சும்மா ஓடவிடுங்கள். டீசல் வீணென்று சாரதி முணுமுணுக்கலாம். புது டேர்போவின் விலையை அவரிடமே கேளுங்கள்.