தலையில்லாத பெயர்கள்

"என்னா பாப்பா, உன் பெரியப்பா பேரைத் தலையில்லாமப் போட்டு வெச்சிருக்கே?"

ஆடித் திருவிழா முடிந்த இரவு. கோயில் மண்டபத்தில் அன்னதானப் பாத்திரங்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த பெரியம்மா, பேரன் கொடுத்த பழைய கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். பெரியப்பாவின் பெயர் 'வீ'யில் தொடங்கும். நடுவிலும் கடைசியிலும் புள்ளி வைத்த எழுத்துகள் வரும். அந்தத் திரையில் புள்ளிகளே இல்லை. 'வீ'யின் மேல் சுழியும் இல்லை. யாரோ வாழை இலையின் நுனியை நறுக்குவது போல் வரிசை முழுவதையும் மேலே சீவி விட்டிருந்தார்கள்.

யாரோ என்ன யாரோ? நான்தான்.

கோலசிலாங்கூர் வட்டாரத்தில், பத்தாங் பெர்ஜுந்தைக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள் நான். அந்த ஊரைப் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றி எவ்வளவோ நாளாகிவிட்டது. எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான். லயங்கள் இன்று இல்லை. குடும்பங்கள் கிள்ளான், ரவாங், ஷா ஆலம் தாமான்களுக்குச் சிதறிவிட்டன. எந்த லயத்தில், எத்தனையாம் வீட்டில், யார் குடும்பம் இருந்தது என்று சொல்லக்கூடியவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி, ஒரு இணையப் பக்கமாகப் போட்டுவிடலாம் என்று நாங்கள் சிலர் இறங்கினோம்.

அது ஏன் அவ்வளவு முக்கியம் என்கிறீர்களா? எங்கள் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-இல் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைச் சாகுபடி தொடங்கியது. தொடங்கியவர் ஆன்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். அவர் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. குழி வெட்டிக் கன்று நட்டவர்களின் பெயர் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? அப்படிப்பட்ட பெயர்களை முதன்முறையாக எழுதி வைக்கும்போது புள்ளியில்லாமல் எழுதினால், பெரியம்மாவுக்குக் கோபம் வரத்தானே செய்யும்!

என் கணினியில் நன்றாகத்தானே இருந்தது?

பல்கலைக்கழகத்தில் ஊடகவியல் படித்தபோது, ஒரு பருவம் இணையப் பக்க வடிவமைப்பும் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தத் தைரியத்தில் பக்கத்தை நானே செய்தேன். என் மடிக்கணினியில், குரோம் உலாவியில், கல்யாணப் பத்திரிகை மாதிரி அழகாக இருந்தது. பெரியம்மா கைப்பேசியில் தலை போனது. தம்பி மகனின் ஐபோனில் வேறொரு கூத்து. வீட்டு எண்களை இடப்பக்கமும் பெயர்களை வலப்பக்கமும் தனித்தனிப் பெட்டியாக வைத்திருந்தேன். அவன் திரையில் நீண்ட பெயர்கள் மடிந்து இரண்டாம் வரிக்குப் போக, எண்கள் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டன. மூன்றாம் வீட்டுக்காரர் நான்காம் வீட்டுக்குக் குடிபோய்விட்டார்!

"சஃபாரி வேணாம்டா, குரோம் போட்டுப் பாரு" என்றேன் மேதாவியாக. போட்டுப் பார்த்தான். அச்சு அசல் அதே கோளாறு.

காரணம் பிறகுதான் புரிந்தது. உலாவிகள் எத்தனை பெயரில் இருந்தாலும், பக்கத்தை வரைந்து காட்டும் எஞ்சின் பெரும்பாலும் மூன்றுதான். குரோம், எட்ஜ், ஓப்பரா, சாம்சங் உலாவி எல்லாம் பிளிங்க். சஃபாரி வெப்கிட். ஃபயர்ஃபாக்ஸ் கெக்கோ. நம் நாட்டு ஐபோனில் எந்த உலாவியைப் போட்டாலும் உள்ளே ஓடுவது வெப்கிட்தான். அது ஆப்பிள் வைத்த விதி. ஐரோப்பாவில் 2024-இல் சட்டம் வந்து அது தளர்ந்தது. காரின் சாயத்தை மாற்றினேனே தவிர, எஞ்சினை மாற்றவில்லை.

எழுத்துரு செய்த வேலை

உண்மையான குற்றவாளி எழுத்துரு. நான் ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்த தமிழ் எழுத்துரு என் மடிக்கணினியில் மட்டுமே இருந்தது. பக்கத்தோடு அதை அனுப்பவில்லை. கேட்ட எழுத்துரு கிடைக்காவிட்டால் ஒவ்வொரு கருவியும் தன்னிடம் உள்ளதை எடுத்துப் போட்டுக்கொள்ளும். விண்டோசில் நிர்மலா, ஆண்டிராய்டில் பெரும்பாலும் நோட்டோ, ஆப்பிளில் தமிழ் சங்கம் எம்என். ஒன்றின் அகலம் மற்றொன்றுக்கு இல்லை, உயரமும் இல்லை.

இந்த 'எம்என்' யார் தெரியுமா? நம் நாட்டு முத்து நெடுமாறன். முரசு அஞ்சல் செயலியை உருவாக்கியவர், கவிஞர் முரசு நெடுமாறனின் மகன். அவர் வரைந்த எழுத்தில்தான் உலகத்து ஐபோன்கள் தமிழ் காட்டுகின்றன. ஆகவே தம்பி மகன் கையில் எழுத்து சரியாகத்தான் இருந்தது. என் பெட்டிதான் சிறிது.

பெரியம்மா விஷயத்தில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. கண் சரியில்லை என்று கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தார். நானோ ஒவ்வொரு வரிக்கும் இவ்வளவுதான் உயரம் என்று அளவு போட்டு, மிஞ்சுவதை மறைத்துவிடு என்று கட்டளையும் எழுதியிருந்தேன். ஆங்கிலத்தை நினைத்துப் போட்ட அளவு அது. தமிழுக்கு மேலே புள்ளியும் விசிறியும் சுழியும் வேண்டும். கீழே 'கூ', 'ரு' போன்றவற்றின் வால் வேண்டும். உலாவி என் கட்டளையை மதித்தது, மிஞ்சியதை மறைத்தது. மறைந்தது பெரியப்பாவின் புள்ளி.

நமக்குப் பழைய வியாதி

முப்பதைத் தாண்டியவர்களுக்கு இது புதிதல்ல. 1990-களின் கடைசியில் ஒவ்வொரு தமிழ்த் தளத்துக்கும் ஒவ்வொரு எழுத்துரு, ஒவ்வொரு குறியீடு. இறக்கிப் போடாவிட்டால் வெறும் கிறுக்கல். சில தளங்கள் எழுத்துருவைப் பக்கத்தோடு அனுப்பின. ஆனால் அது இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டும் வேலை செய்யும். வேறு உலாவியில் திறந்தால் மறுபடியும் கிறுக்கல். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டிலும் 2001-இல் நம் கோலாலம்பூரில் நடந்த மாநாட்டிலும் அறிஞர்கள் கூடிப் பேசியதெல்லாம் இந்தத் தலைவலி தீரத்தான். பிறகு யூனிகோடு பரவியது. தமிழ்நாட்டு அரசும் 2010-இல் அதை ஏற்றது.

அதற்குப் பிறகும் தலைவலி முழுதாகப் போகவில்லை. ஃபயர்ஃபாக்சின் பழைய பதிப்புகளில், பத்தியின் இரு ஓரங்களையும் சமமாக்கினால் தமிழ் எழுத்துகள் பிய்ந்து தொங்கும். எக்ஸ்புளோரரில் அதே பத்தி நன்றாக இருக்கும். 2008-இல் ஃபயர்ஃபாக்ஸ் 3 வந்த பிறகுதான் அது சரியானது. அதுவரை பலர் ஓரத்தைச் சமமாக்காமலே விட்டார்கள். அழகு போனாலும் போகட்டும், படிக்க முடிந்தால் போதும் என்ற முடிவு. அன்று அவர்களுக்கு இருந்த புத்தி எனக்கு இல்லை!

திருத்திய விதம்

கோயிலிலோ சங்கத்திலோ பள்ளியிலோ பக்கம் செய்யும் பிள்ளைகளுக்காக, நான் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், எந்தக் கருவி, எந்த உலாவி, எந்தப் பதிப்பு என்று கேட்டு, திரையைப் படமெடுத்துப் புலனத்தில் அனுப்பச் சொன்னேன். "சரியா வரலே" என்ற சொல்லை வைத்துக்கொண்டு எதையும் திருத்த முடியாது.

இரண்டாவது, கோப்பின் முதல் வரியில் டாக்டைப் அறிவிப்பு இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. அது இல்லாவிட்டால் உலாவிகள் பழங்காலப் பக்கம் என்று எண்ணி, பழைய வழக்கப்படி வரைய ஆரம்பிக்கும். மூடாத குறிகள் ஏதாவது இருந்தாலும் இதே போல் கோணல் வரும்.

மூன்றாவது, கணினி உலாவியில் வலச்சொடுக்கி 'இன்ஸ்பெக்ட்' போனேன். கேட்ட எழுத்துரு எது, கிடைத்த எழுத்துரு எது என்று அது காட்டிவிடும்.

நான்காவது, ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். நோட்டோ தமிழ் எழுத்துரு இலவசம். பகிரவும் உரிமை உண்டு. அதைப் பக்கத்தோடு சேர்த்தேன். பார்த்தேன். நிலையான உயரத்தை எடுத்தேன். பார்த்தேன். வரி இடைவெளியைக் கூட்டினேன். பார்த்தேன். கடைசியாக, எண்ணையும் பெயரையும் ஒரே அட்டவணையின் ஒரே வரிசையில் கட்டினேன். இனி பெயர் எத்தனை வரி மடிந்தாலும் எண் கூடவே நிற்கும்.

"சரி பண்ணிட்டேன் பெரியம்மா" என்று தொலைபேசியில் பெருமையடித்தேன்.

"அப்படியேதான் இருக்கு பாப்பா."

கைப்பேசி பழைய வடிவமைப்புக் கோப்பைச் சேமித்து வைத்து அதையே காட்டிக்கொண்டிருந்தது. கோப்பின் பெயரை மாற்றிய பிறகுதான் புதியதை எடுத்தது. இதற்காகவே திருத்தியதை மறைநிலைச் சாளரத்தில் பார்க்க வேண்டும் என்பது ஐந்தாவது பாடம்.

எங்கள் நிலையத்தில் ஒரு ஒலிப் பொறியாளர் இருந்தார். நிகழ்ச்சியைப் பெரிய ஒலிபெருக்கியில் கேட்டு நாங்கள் மகிழ்ந்துகொண்டிருக்கும்போது, மேசைக்கடியிலிருந்து ஒரு சின்ன ரேடியோவை எடுப்பார். "நேயர் இதுலதாம்மா கேக்குறாரு" என்பார். அதில் குரல் தெளிவாக இருந்தால்தான் ஒலிபரப்புக்குப் போகும். எல்லா ஒலிபெருக்கியிலும் ஒரே மாதிரி கேட்க வேண்டும் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. சொல் புரிய வேண்டும் என்றுதான் கேட்பார். இணையப் பக்கமும் அப்படித்தான். குரோமில் ஓரம் ஒரு நூல் கூடலாம், சஃபாரியில் பொத்தான் உருண்டையாகலாம், போகட்டும். பெயர் முழுதாக இருக்கிறதா, சரியான வீட்டில் இருக்கிறதா? அதை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. இப்போது நான் எதைச் செய்தாலும் முதலில் திறந்து பார்ப்பது பெரியம்மாவின் கைப்பேசியில்.

போன வாரமும் போனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வைத்து வரிசை வரிசையாக இறக்கிக்கொண்டு வந்தார். பெரியப்பா பெயரில் விரல் நின்றது. 'வீ'க்குச் சுழி இருந்தது. புள்ளிகள் எல்லாம் இருந்தன.

"பேரு நல்லா இருக்கு" என்றார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு விரலை எண்ணுக்கு நகர்த்தினார்.

"ஆனா நாங்க ஆறாம் வீடு இல்ல பாப்பா. ஏழாம் வீடு. குழாயடிக்குப் பக்கத்துல. எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன்.