சதையியைத் திறக்காமல் இருப்பெடுக்க முடியுமா?

பிள்ளைக்கு முதலாம் வகை நீரிழிவு என்று வைத்தியசாலையில் சொன்னதும், எங்கள் குடும்பங்களில் யாராவது ஒருவர் கேட்பார்: "ஒரு ஸ்கான் எடுத்துப் பார்க்க ஏலாதோ?" சிறுநீரகத்தில் கல் என்றால் ஸ்கான், முழங்கால் நொந்தால் ஸ்கான். சதையிக்கு (தமிழகத்தில் கணையம் என்பார்கள்) மட்டும் ஏன் இரத்தத்தையே திரும்பத் திரும்ப எடுக்கிறார்கள்? தனியாரிடம் காசு கட்டியோ, ஊருக்குப் போகிற வழியில் சென்னையில் இறங்கியோ எடுத்துவிடலாம் என்று நினைப்பவர்களும் எங்களிடையே உண்டு. கேள்வி நியாயமானதுதான்.

இன்சுலினைச் சுரக்கும் பீற்றா கலங்கள் சதையி முழுவதும் சிதறிக் கிடக்கும் சிறுதீவுகளில் இருக்கின்றன. 1869 இல் போல் லங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மானிய மருத்துவ மாணவர் நுணுக்குக்காட்டியில் கண்டவை அவை. ஏறத்தாழ பத்து இலட்சம் சிறுதீவுகள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒன்றோ இரண்டோதான். எல்லாவற்றையும் கூட்டினாலும் சதையியின் எடையில் நூற்றுக்கு ஒன்று, இரண்டு. வைத்தியசாலை எம்.ஆர்.ஐ. படத்தில் அவற்றைத் தனித்தனியாகப் பார்க்க முடியாது.

அதனால்தான் இரத்தம். இன்சுலின் உருவாகும்போது சி-பெப்ரைட் என்ற துண்டும் அதே அளவில் வெளியேறுகிறது. ஊசியில் போடும் இன்சுலினில் அது இல்லை. ஆகவே உடம்பு சொந்தமாக எவ்வளவு சுரக்கிறது என்பதை அது காட்டும். கணக்காளர் பாஷையில் சொன்னால் இது விற்பனைப் பதிவு; களஞ்சியத்தின் இருப்பு அல்ல. சீனி மிகவும் ஏறியிருக்கும் நாட்களில் உயிரோடுள்ள கலங்களும் களைத்துப்போய்ச் சுரப்பைக் குறைத்துவிடும். விற்பனை இல்லை என்பதற்காகச் சரக்கே இல்லை என்று எழுத எந்தக் கணக்காய்வாளரும் ஒப்பமாட்டார்.

களஞ்சியத்தைத் திறந்து பார்த்தவர்களும் உண்டு. 1965 இல் பிரசெல்ஸில் வில்லி கெப்ற்ஸ் இந்த நோயில் இறந்தவர்களின் சதையிகளை ஆராய்ந்து, நோய் தொடங்கிச் சில காலத்துக்குள் இறந்தவர்களிடமும் பீற்றா கலங்கள் எஞ்சியிருந்ததைக் கண்டார். உயிரோடிருப்பவர்களில் பார்க்க நோர்வேயில் முயன்றார்கள். புதிதாக நோய் கண்ட ஆறு வளர்ந்தவர்களிடம் சத்திரசிகிச்சை மூலம் சிறு துண்டு எடுத்தார்கள். அறிவியலுக்குப் பெரும் பயன் கிடைத்தது. ஆனால் மூன்று பேருக்கு இரத்தக்கசிவு, சதையிநீர்க் கசிவு போன்ற சிக்கல்கள் வந்ததால் அத்தோடு நிறுத்திவிட்டார்கள். சதையி கத்தியைப் பொறுக்காத உறுப்பு.

கத்தியில்லாத வழிகள் இரண்டு திசைகளில் போகின்றன. ஒன்று, முழுச் சதையியின் பருமனை எம்.ஆர்.ஐ. யில் அளப்பது. இதில் கதிர்வீச்சும் இல்லை. 2012 இல் பிரிஸ்டல் ஆய்வாளர்கள், புதிதாக நோய் கண்ட ஆண்களின் சதையி மற்றவர்களுடையதைவிட 26 வீதம் சிறிதாக இருப்பதாக எழுதினார்கள். யோசித்துப் பாருங்கள்: பீற்றா கலங்கள் எல்லாமே அழிந்தாலும் குறைய வேண்டியது ஒன்றிரண்டு வீதம்தானே! பக்கத்திலிருந்து வரும் இன்சுலின் இல்லாமல் மற்றத் திசுக்களும் வாடுகின்றன என்பது ஒரு விளக்கம். அதுவும் முழுதாகப் பொருந்தவில்லை, ஏனென்றால் நோயில்லாத உடன்பிறப்புகளிடமும் சதையி சற்றுச் சிறிதாகவே காணப்பட்டிருக்கிறது. நலமாக இருப்பவர்களிடையேயும் இந்த அளவு ஆளுக்காள் பெரிதும் மாறும். ஆகவே தனியார் ஸ்கானில் "சதையி சிறிது" என்று வந்தால் அதிலிருந்து ஒரு பிள்ளைக்கு எதையும் சொல்ல முடியாது. கட்டிய காசுக்குக் கவலைதான் மிச்சம்.

மற்றது, பீற்றா கலத்தில் போய் ஒட்டும் மருந்தொன்றில் சிறிதளவு கதிரியக்கப் பொருளை ஏற்றிப் படமெடுப்பது. அந்த மருந்து எக்ஸென்டின். அமெரிக்கப் பாலைவனத்துக் கிலா பல்லியின் நச்சுநீரிலிருந்து கண்டறியப்பட்டது. நெதர்லாந்தின் நைமெகன் பல்கலைக்கழகத்தினர் இதில் முன்னோடிகள். முதலாம் வகை நோயாளரின் சதையியில் ஒளிர்வு தெளிவாகக் குறைந்திருந்தது. ஆனால் சிறுநீரகம் இந்த மருந்தை அளவுக்கு மீறி உறிஞ்சி, பக்கத்திலுள்ள சதையியின் வால்பகுதியை மறைக்கிறது. கதிரியக்கம் என்பதால் வளரும் பிள்ளைகளுக்கு அடிக்கடி செய்யவும் முடியாது. இன்றுவரை இது ஆய்வுக்கூடத்துக் கருவிதான்.

பிறகேன் இவ்வளவு பாடு? எஞ்சிய கலங்களைக் காப்பாற்ற மருந்து வந்துவிட்டது. அது உண்மையில் எத்தனை கலங்களைக் காத்தது என்று எண்ணத்தான் வழியில்லை. டெப்லிசுமாப் என்ற அந்த மருந்து, நோய் வெளித்தெரியுமுன் கொடுத்தால், இன்சுலின் தேவைப்படும் நாளைச் சராசரியாக இரண்டு, மூன்று வருடங்கள் தள்ளிப்போடுகிறது. யாருக்குக் கொடுப்பது என்பதற்கும் ஸ்கான் தேவையில்லை, இரத்தத்தில் பிறபொருளெதிரிகள் உள்ளனவா என்று பார்ப்பார்கள். அந்தச் சோதனையின் வேர்களில் ஒன்று எங்கள் லண்டனில்தான் இருக்கிறது. 1974 இல் மிடில்செக்ஸ் வைத்தியசாலையில் பொட்டாசோவும் டெபோரா டோனியாக்கும் சிறுதீவுகளைத் தாக்கும் பிறபொருளெதிரிகளைக் கண்டு எழுதினார்கள். 2022 இல் தொடங்கிய எல்சா ஆய்வு, 3 முதல் 13 வயதுப் பிள்ளைகளுக்கு விரல்நுனி இரத்தத்தில் இதைப் பார்த்தது. அண்ணனுக்கு இருந்தால் தங்கைக்கு வரும் வாய்ப்பு மற்றப் பிள்ளைகளைவிடப் பல மடங்கு அதிகம். அடுத்த கிளினிக் நாளில் அவளைப் பற்றி இதைக் கேளுங்கள்.

டெப்லிசுமாப்புக்கு 2025 ஆகஸ்டில் பிரித்தானிய அனுமதி கிடைத்தது, 8 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. அனுமதி வேறு, என்.எச்.எஸ். தன் செலவில் தருவது வேறு. அதையும் அதே நாளில் கேட்டு வையுங்கள்.