நூல் இல்லாதபோது எடுக்க வேண்டிய அளவு

நூற்பாலையின் ஆட்டோகோனரில் நூல் நிமிடத்துக்கு 1,200 மீட்டர் வேகத்தில்கூடக் கோனில் ஏறும். ஒவ்வொரு டிரம்மிலும் அது ஒரு சின்னப் பிளவைக் கடந்தாக வேண்டும். அதுதான் கிளியரர். ஒளிவகைக் கிளியரரில் பிளவின் ஒரு பக்கம் எல்இடி, எதிர்ப்பக்கம் போட்டோடயோடு. நூல் எவ்வளவு ஒளியை மறைக்கிறதோ அதுவே அதன் தடிமனுக்கு அளவு. நூல் அளவுக்கு மீறித் தடித்தாலோ இளைத்தாலோ கத்தி வெட்டும், ஸ்ப்ளைசர் இணைக்கும். விட்டுவிட்டால் குறை திருப்பூர் பனியன் துணியில் தெரியும். வீணாக வெட்டினால் உற்பத்தி போகும்.

1956-இல் தொடங்கிய சிட்ரா ஆராய்ச்சி நிலையம் முதல் மில்களின் சோதனைக்கூடம் வரை, கோவையில் நூலை அளப்பது அன்றாட வேலை. அளக்கும் சென்சாரை எப்படி அளப்பது?

ஒரு கணக்கு போடுவோம். 40-ஆம் நம்பர் பருத்தி நூலின் விட்டம் சுமார் 0.14 மி.மீ. ஒளிச்சாளரம் 2 மி.மீ. அகலம், முழு ஒளிக்கு 4 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் நூல் மறைப்பது 280 மில்லிவோல்ட். ஒரு மில்லிவோல்ட் என்பது அரை மைக்ரான். மின்னழுத்தத்தை எண்ணாக்கும் ஏடிசி சில்லு 10 பிட் என்றால் 5 வோல்ட்டை 1,024 படிகளாகப் பிரிக்கும்; ஒரு படி 4.9 மில்லிவோல்ட். 12 பிட் என்றால் 4,096 படிகள். ஒரு படி 1.2 மில்லிவோல்ட், அதாவது 0.6 மைக்ரான்.

ஆனால் இது சில்லின் பகுதிறன், அதாவது அது பிரித்தறியும் மிகச்சிறிய மாற்றம் மட்டுமே. சென்சாரின் பகுதிறனை அறிய, நூலை எடுத்துவிட்டு, எல்இடியை எரியவிட்டு, ஆயிரம் அளவுகளைத் தொடர்ந்து பதிவுசெய்ய வேண்டும். எதுவும் மாறாதபோதும் எண்கள் ஆடும். அந்த ஆட்டத்தின் திட்ட விலக்கமே இரைச்சல். அது 3 மில்லிவோல்ட் என்றால் 1.5 மைக்ரான்; நூலின் விட்டத்தில் ஒரு சதவீதத்துக்கும் மேல். அதற்குக் கீழே உள்ள படிகளால் பெரிய பயன் இல்லை.

அடுத்து எல்இடியை அணைத்து, பிளவை மூடி, மறுபடி ஆயிரம் அளவுகள். இப்போதும் ஆட்டம் குறையவில்லை என்றால் கோளாறு பெருக்கிச் சுற்றிலோ மின்வழங்கியிலோ இருக்கிறது. குறைந்தால் அது ஒளியோடு வந்தது. போட்டான்கள் சீராக வருவதில்லை. ஒளியை நான்கு மடங்காக்கினால்தான் அவற்றால் வரும் சார்பு இரைச்சல் பாதியாகும்.

வெளியிலிருந்து வரும் ஒளியும் தொல்லை தரும். சோக் வைத்த பழைய டியூப்லைட் நொடிக்கு 100 முறை மினுங்கும். நூல் நொடிக்கு 20 மீட்டர் ஓடும்போது, அந்த ஒளி பிளவுக்குள் கசிந்தால் 20 செ.மீ.க்கு ஒருமுறை நூல் இளைப்பதுபோல் காட்டும். நூலில் இல்லாத குறை இது. எல்இடியை வேகமாக ஏற்றி அணைத்து, அணைந்த நேரத்து அளவைக் கழித்தால் இது பெருமளவு நீங்கும்.

சராசரி எடுத்தும் இரைச்சலைக் குறைக்கலாம். 16 அளவுகளின் சராசரியில் தற்செயலான ஆட்டம் கால்பங்காகும். ஆனால் நொடிக்கு 10,000 அளவுகள் எடுக்கும்போது, 16 அளவுகளுக்குள் 3.2 செ.மீ. நூல் ஓடிவிடும், ஒரு செ.மீ. தடிப்பு அந்தச் சராசரியில் கரைந்துபோகும்.

ஆகவே அதிக பிட் சில்லு வாங்குவதற்கு முன், வெறும் பிளவில் எடுத்த இந்த ஆயிரம் அளவுகளைப் பாருங்கள். வெட்டும் எல்லையை இரைச்சலுக்குத் தெளிவாக மேலே வைத்தால்தான், கத்தி விழும் ஒவ்வொரு முறையும் குறை நூலில்தான் என்று நம்ப முடியும்.