புகையை விட்டபின் ஈறு கசிவது ஏன்?

புகை பிடிக்கும் வழக்கத்தை விட்டொழித்தவர் சிலருக்கு, இரண்டொரு வாரங்களுக்குள் எதிர்பாராத ஓர் ஏமாற்றம் நேர்கிறது. காலையில் பல் துலக்கி உமிழ்ந்தால் நீரில் செந்நிறம் தெரிகிறது. உதட்டின் உட்புறத்திலோ நாவின் ஓரத்திலோ சிறு புண்கள் தோன்றி, காரம் பட்டவுடன் எரிகின்றன. சிகரெட் இருந்தவரை இல்லாத தொல்லை இப்போது வந்தது எப்படி, உடம்புக்குப் பழகியதை விட்டது பிழையோ என்று அவர்கள் ஐயுறத் தொடங்குகின்றனர். நம்முடன் பணிபுரிந்த அன்பர் ஒருவர் இந்தத் தர்க்கத்தையே பேசி, பதினெட்டாம் நாள் மீண்டும் தீப்பெட்டியைத் தேடினார். அவரைப் போன்றோர் பலர் உளராதலின், இதன் காரணத்தைச் சற்று விளக்கமாகவே கூறப் புகுகிறோம்.

பற்களின் அடியில் நாள்தோறும் ஒரு பிசுபிசுப்பான படலம் படிகிறது. அதில் கிருமிகள் பெருகும்போது, உடல் அவ்விடத்திற்கு இரத்தத்தை மிகுதியாக அனுப்பிப் போராடுகிறது. ஈறு சிவந்து வீங்குவதும், தூரிகை பட்டவுடன் கசிவதும் அப்போராட்டத்தின் அடையாளங்கள். புகையிலையிலுள்ள நிக்கோட்டினோ சிறு இரத்தக் குழாய்களைச் சுருங்கச் செய்யும் இயல்புடையது. நெடுங்காலம் புகைப்பவரின் வாயில் அழற்சியின் அறிகுறிகள் மங்கிவிடுகின்றன. ஈறுகள் வெளுத்து, தடித்து, கசிவின்றி, நலமுற்றவை போலவே காட்சியளிக்கும். உள்ளே, பல்லுக்கும் ஈறுக்கும் இடையில் பை போன்ற பள்ளங்கள் ஆழ்ந்துகொண்டிருக்கும். பல்லைத் தாங்கும் எலும்பு சிறிது சிறிதாகக் கரைந்துகொண்டிருக்கும். திருடன் வீட்டு நாயின் வாயைக் கட்டிவிட்டால் வீட்டார் நன்றாகத்தான் உறங்குவர். புகையை நிறுத்திய சில நாட்களிலேயே ஈறுகளில் இரத்தவோட்டம் கூடுகிறது. கட்டவிழ்ந்த நாய் குரைக்கிறது. பழைய நோய் இப்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது என்று கொள்ள வேண்டுமேயன்றி, புதிதாய் வந்ததென்று கொள்ளலாகாது.

வாய்ப்புண்ணின் வரலாறு சற்று வேறு. புகையின் சூட்டுக்கும் நஞ்சுக்கும் ஈடுகொடுத்து, வாயின் உட்தோல் காய்ப்புப் பிடித்தாற்போல் தடித்திருக்கும். அத்தடிப்பு நீங்கியபின் எஞ்சும் மென்தோல் எளிதில் புண்படுகிறது என்பது மருத்துவர் கூறும் காரணங்களுள் ஒன்று. புகையை விட்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் இருவருக்கு இப்புண்கள் வருவதாக ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். பெரும்பாலும் முதல் இரு வாரங்களில் தோன்றி, பலருக்கு ஒரு மாதத்துக்குள் ஆறிவிடும். வெதுவெதுப்பான உப்புநீரால் கொப்பளித்து, காரத்தைச் சில நாள் குறைத்துக்கொள்ளலாம். ஊரிலிருந்து ஆவக்காய் ஜாடியோடு வந்திறங்கிய நம்மவர்க்கு இது சிறு தவமேயாம்.

இரத்தம் கண்டதும் அவ்விடத்தைத் துலக்காது விடுவது தவறு. படலம் தங்கினால் கசிவு வளரும். மென்மையான தூரிகையால், ஈறும் பல்லும் கூடும் ஓரத்தை நாள்தோறும் இருமுறை துலக்குக. கரித்தூளும் செங்கற்பொடியும் வேண்டா. கல்லாய் இறுகிவிட்ட பற்காறை தூரிகைக்கு அசையாது. அதனைப் பல் மருத்துவரே அகற்ற வேண்டும். காறையைச் சுரண்டினால் பல் ஆடிவிடும் என்னும் அச்சம் படித்தவரிடையேயும் இருப்பது நமக்கு வியப்பளிக்கிறது. எலும்பு கரைந்த பல்லுக்குக் காறை முட்டுக்கொடுத்திருந்தது. முட்டு நீங்கியதும் உண்மை வெளிப்பட்டது, அவ்வளவே. கரைந்த எலும்பு பெரும்பாலும் மீள்வதில்லை. எனினும் மேலும் கரையாமல் காக்கலாம். புகையை விட்டவரின் ஈறுகள், புகைப்பவரின் ஈறுகளைவிடச் சிகிச்சைக்கு நன்கு இணங்கும். நீரிழிவு உள்ளவர்கள் இதில் தாமதிக்கவே கூடாது.

வேற்று மாநிலங்களில் வாழும் நமக்கு வேறோர் ஆபத்தும் உண்டு. வாய் எதையோ தேடித் தவிக்கும் அந்நாட்களில், அக்கம்பக்கத்தார் அன்போடு மாற்றுப் பொருளை நீட்டுவர். வடக்கே கைனி, மகாராஷ்டிரத்தில் பல்லில் தேய்க்கும் மிஷ்ரி, கிழக்கே குல், குடாக்கு. ஈறுக்கு உறுதி தரும் என்று சொல்லியே இவற்றைப் பழக்குவர். யாவும் புகையிலையே. பற்பசையிலும் பற்பொடியிலும் புகையிலை சேர்ப்பதை நடுவணரசு 1992-ஆம் ஆண்டிலேயே தடைசெய்தது. பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை. புகையிலை கலவாத வெறும் பாக்குத்தானே என்போர்க்கும் ஒரு சொல்: உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, 2004-இல் வெளியிட்ட நூலில் பாக்கையே புற்றுநோய் விளைக்கும் பொருள்களுள் சேர்த்தது. கன்னத்தின் உட்புறம் இறுகி, வாயைத் திறக்கவொட்டாமல் செய்யும் நோயும் பாக்கினால் வருவதே. மெல்ல ஏதேனும் வேண்டுமாயின் சோம்போ ஏலக்காயோ போதும்.

எல்லாவற்றையும் புகையை விட்டதன் விளைவென்று தள்ளிவிடவும் கூடாது. இரு வாரங்களுக்கு மேலும் ஆறாத புண், தேய்த்தாலும் போகாத வெண்திட்டு அல்லது செந்திட்டு, காரணமின்றி ஆடும் பல், விழுங்குவதில் தடை ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். விட்ட பழக்கத்தின்மீது மனம் மீண்டும் சென்றால், புகையிலைப் பொருள்களின் உறைகளில் அச்சிடப்பட்டிருக்கும் 1800-11-2356 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் ஆலோசனை கேட்கலாம்.

மருத்துவரிடம் சென்றபின் மொழி தடுமாறுவதும் உண்டு. சந்தையில் காய்கறிப் பெயர்கள் அனைத்தும் அறிந்த நம்மவர், ஈறுக்கு அயல்மொழிச் சொல் அறியாமல் பல்வலி என்று மட்டும் கூறி, வலிமாத்திரையோடு திரும்பிவிடுகின்றனர். இந்தியில் அது மசூடா, மராத்தியில் ஹிர்டி, வங்கத்தில் மாடி. கல்கத்தாவில் மருத்துவர் மாடியைக் காட்டச் சொன்னால் மேல்தளத்தை நோக்க வேண்டா. எத்தனை ஆண்டு புகைத்தோம், எப்போது விட்டோம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அப்போதுதான் அவர் வெளித்தோற்றத்தை நம்பி விட்டுவிடாமல், பள்ளங்களின் ஆழத்தைக் கருவிகொண்டு அளந்து பார்ப்பார்.