'வந்தால்' தெரியுமா? அப்ப பிரெஞ்சும் வரும்!

அபிராமத்துல பஸ் ஏறி காலேஜ் போற ஆளா நீங்க? பிரெஞ்ச் பேப்பர்ல 'கண்டிஷனல்'னு பார்த்ததும் உதறுதா? கூல்! அதுல பாதி உங்க தமிழ்லயே இருக்கு.

'நேரம் கிடைத்தால் பேசுவேன்.' இதை ஒரு கற்பனையா சொன்னா, இதுல வர்ற 'பேசுவேன்' பிரெஞ்சில் கண்டிஷனல். 'பார்லே' (பேசு), 'ஃபினீர்' (முடி) போன்ற வினைகளை முழுசா அப்படியே வெச்சுக்கோங்க. 'வாந்த்ர்' (வில்) மாதிரி ஆர்-ஈ-ல முடிஞ்சா, கடைசி 'ஈ' மட்டும் கட். அப்புறம் வால் ஒட்டுங்க:

நான், நீ: ஏ-ஐ-எஸ்
அவன், அவள்: ஏ-ஐ-டி
நாம்: ஐ-ஓ-என்-எஸ்
நீங்கள்: ஐ-ஈ-இஸட்
அவர்கள்: ஏ-ஐ-ஈ-என்-டி

'நான்' வடிவத்துல அந்த 'எஸ்'ஸை விட்டா அது எதிர்காலம் ஆகிடும். 'பேசுவேன், சத்தியம்!'னு அர்த்தம். மார்க் போச்சு!

இன்னொரு பொறி, 'சி' (ஆல்). அதுக்குப் பின்னாடி கண்டிஷனல் வரவே கூடாது. வாக்கியத்தோட மறுபாதியில கண்டிஷனல் இருந்தா, இங்கே பொதுவா 'இம்பர்ஃபே' என்ற இறந்தகாலம் வரும். விநோதமா இருக்கா? நாம மட்டும் 'வருவால்'னா சொல்றோம்? 'வந்த' என்ற இறந்தகால வடிவத்தில்தானே 'ஆல்' சேர்க்கிறோம்!

இது வெறும் மார்க் சமாச்சாரம் இல்ல. பிரான்ஸில் மேற்படிப்புக்கான இன்டர்வியூவில் 'எனக்கு இது வேணும்'னு நேரா சொன்னா அதட்டல் மாதிரி இருக்கும். 'ஜெமரே'ன்னு ஆரம்பிச்சா பணிவு. 'தண்ணி கொடு'வுக்கும் 'தண்ணி கிடைக்குமா?'வுக்கும் உள்ள வித்தியாசம்தான்.

புதுச்சேரி அலியான்ஸ் பிரான்சேஸ் 1889-லிருந்தே பிரெஞ்ச் சொல்லித் தருது. அங்கே போக முடியலையா? பஸ்ஸுல தினம் ஒரு வினை, ஆறு வால். ஒரு மாசத்துல முப்பது வினை உங்க பாக்கெட்டில்!