காசு கொடுத்தால் வேலைக்கு வரமாட்டார்களா?

பகாவ் சுற்றுவட்டாரச் செம்பனைத் தோட்டங்களில் குலை வெட்ட ஆள் கிடைக்காத போதெல்லாம் ஒரே பேச்சுதான். "நம்ம ஆளுங்க எங்க வரப்போறாங்க? அரசாங்கம்தான் சும்மா காசு போடுதே!" தமிழ்நாட்டில் நடவுக்கு ஆள் கிடைக்காவிட்டால் நூறு நாள் வேலையைத் திட்டுகிறார்கள், இங்கே மலேசியாவில் ரஹ்மா உதவியைத் திட்டுகிறார்கள். திட்டுகிறவர் பெரும்பாலும் ஆள் தேடுகிறவராகவே இருக்கிறார் என்பதை ஓர் ஓரமாக வைத்துக்கொண்டு, அந்தக் காசு எவ்வளவு, யாருக்கு வருகிறது என்று பார்ப்போம்.

முதலில், இதில் இரண்டு விதப் பணம் கலந்து கிடக்கிறது.

ஒன்று, எஸ்டிஆர் எனப்படும் ரஹ்மா ரொக்க உதவி. 2012-இல் பிரதமர் நஜிப் காலத்தில் 'பிரிம்' என்ற பெயரில் தொடங்கியது. மாதம் 3,000 வெள்ளிக்குள் வருமானம் உள்ள குடும்பத்துக்கு அப்போது 500 வெள்ளி. முன்னாள் பிரதமர் மகாதீர் அதை லஞ்சம் என்று சாடினார். அவரே மீண்டும் பிரதமரான பிறகு பெயர் மாறியதே ஒழிய, பணம் நிற்கவில்லை. இந்த உதவிக்கும் வேலையில்லாமல் இருப்பதற்கும் சம்பந்தமே இல்லை. தகுதிக்குப் பார்ப்பது குடும்ப வருமானத்தை. மாதம் 2,500 வெள்ளிக்குள் இருந்தால் கூடுதல் தொகை, 5,000 வரை குறைவான தொகை. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. அந்தச் சம்பளத்துக்கு வீட்டில் ஒருவர் வேலைக்குப் போனாலும் குடும்பம் கூடுதல் தொகைப் பிரிவிலேயே இருக்கும். இருவர் போனால் 3,400 வெள்ளி, உதவி குறையும், அது உண்மைதான். ஆனால் ஆண்டில் சில தவணையாக வரும் தொகை குறைகிறதே என்று, மாதாமாதம் வரும் 1,700 வெள்ளியை வேண்டாம் என்கிற குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 2025 ஆகஸ்டு 31 முதல் மைகாட் அடையாள அட்டையில் ஏறிய 100 வெள்ளியோ 18 வயது நிரம்பிய எல்லாக் குடிமக்களுக்கும் வந்தது. டத்தோக்களும் வாங்கினார்கள். அவர்களை யாரும் சோம்பேறி என்று சொன்னதாகத் தெரியவில்லை.

இரண்டாவது பணம்தான் உண்மையிலேயே வேலை இழந்தவருக்கானது. இஐஎஸ் என்கிற வேலை காப்புறுதித் திட்டம், 2018 ஜனவரி முதல் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோ நடத்துவது. இது தருமம் இல்லை. தொழிலாளியின் சம்பளத்தில் 0.2 விழுக்காடு, முதலாளி 0.2 விழுக்காடு என்று மாதாமாதம் கட்டிய பணம். 1,700 வெள்ளிச் சம்பளக்காரருக்கு ஆளுக்குச் சுமார் மூன்றரை வெள்ளி. இதற்கே 2017-இல் முதலாளிமார் சம்மேளனம் எதிர்ப்புத் தெரிவித்தது.

கணக்கைப் பாருங்கள். சட்டம் வந்தபோது வகுத்த விகிதப்படி, வேலை தேடும் அலவன்ஸ் முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, அடுத்தது 50, பிறகு இரண்டு மாதம் 40, கடைசி இரண்டு மாதம் 30. 1,700 வெள்ளிக்கு 1,360, 850, 680, 680, 510, 510. ஆறு மாதமும் முழுசாகக் கிடைத்தால்கூட 4,590 வெள்ளிதான். சந்தா குறைவாகக் கட்டியவருக்கு மூன்று மாதத்தோடு முடியலாம். சும்மா உட்கார்ந்திருக்கவும் விடமாட்டார்கள், வேலை தேடுவதைக் காட்ட வேண்டும். முதல் மாதத்திலேயே வேலை கிடைத்துவிட்டால், மீதி 3,230 வெள்ளியில் கால் பங்கு, அதாவது 807 வெள்ளி 50 காசு, கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். சீக்கிரம் வேலைக்குப் போகத் தூண்டும்படியே திட்டத்தைக் கட்டியிருக்கிறார்கள். தானாக வேலையை விட்டவருக்கும் ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவருக்கும் ஒரு காசும் கிடையாது.

அலவன்ஸ் நீண்டால் வேலை தேடுவதும் சற்று நீளும் என்று பணக்கார நாடுகளில் நடந்த ஆய்வுகள் சொல்கின்றன. அதை மறைக்க வேண்டியதில்லை. வந்த முதல் வேலையைப் பிடித்துக்கொள்ளாமல் தனக்கு ஏற்ற வேலையைத் தேடுகிறார் என்றும் அதற்குப் பொருள் சொல்லலாம். ஏழை நாடுகளின் ரொக்க உதவி வேறு கதை. அபிஜித் பானர்ஜியும் அவருடைய கூட்டாளிகளும் இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், மெக்சிகோ உள்ளிட்ட ஆறு நாடுகளின் திட்டங்களை அலசினார்கள். பணம் வாங்கியவர்கள் வேலை செய்வதைக் குறைத்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

சரி, பிறகு ஏன் பகாவில் ஆள் கிடைப்பதில்லை?

செம்பனையில் குலை வெட்டுகிறவர் நீளக் கம்பின் நுனியில் கட்டிய அரிவாளை அண்ணாந்து பார்த்து இழுக்க வேண்டும். இருபது கிலோ குலை விழும். அதைத் தூக்கிப் போட்டு, உதிரிப்பழத்தைப் பொறுக்கி மூட்டை கட்ட வேண்டும். கூலி எடைக்கு. மழை பெய்தாலும் காய்ப்புக் குறைந்தாலும் கூலியும் குறையும். ஐம்பது வயதில் தோள்பட்டை போய்விடும். லயத்து வீடு வேலையோடு கட்டியது. வேலை போனால் வீடும் போகும். குவாலா பிலா வழியாக சிரம்பான் போனால் செனவாங்கில் தொழிற்சாலைகள் இருக்கின்றன. அங்கே குளிர்சாதன அறை, ஓவர்டைம், பஸ். அதே குறைந்தபட்சச் சம்பளம் இரண்டு இடத்திலும் என்றால் இருபது வயதுப் பையன் எதைப் பிடிப்பான்? அவன் அப்பாவே தோட்டத்துக்குப் போகாதே என்றுதான் சொல்லுவார்.

2020-இல் எல்லையை மூடியதும் இது அம்பலமானது. வெளிநாட்டு ஆள் வரத்து நின்றது, உள்ளூர் ஆள் நிரப்பவில்லை. 2021 செப்டம்பரில் தோட்டங்களுக்கு 32,000 வெளிநாட்டுத் தொழிலாளர்களை எடுக்க அரசாங்கம் அனுமதி கொடுத்தது. கூலியையும் வீட்டையும் மாற்றுவதைவிட அது சுலபம்.

ஆள் வராவிட்டால் சோம்பேறி என்று பட்டம் சூட்டும் பழக்கத்துக்கு வயது அதிகம். சைட் ஹுசேன் அலாட்டாஸ் 1977-இல் எழுதிய 'தி மித் ஆஃப் தி லேசி நேட்டிவ்' நூலில் அதைக் காட்டுகிறார். துரைமார் சொன்ன கூலிக்குத் தோட்டத்திலும் ஈயச் சுரங்கத்திலும் உழைக்க மறுத்த மலாய்க்காரர் சோம்பேறி ஆனார். சொந்த வயலில் அவர் செய்த வேலை கணக்கில் சேரவில்லை. அப்போது நல்ல பேர் வாங்கியது தமிழர்தான், வேறு போக்கிடம் இல்லாததால். அதற்குக் கிடைத்த மரியாதை என்ன? 1930-களின் மந்தத்தில் கித்தா விலை விழுந்ததும் கூலியை வெட்டினார்கள். வேலை இல்லாதவரைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். அப்படிப் போனவர்கள் இலட்சத்துக்கும் மேல். அன்றைக்கு வேலையில்லாதவருக்குக் கிடைத்த உதவி ஒரு கப்பல் டிக்கெட்.

அதற்குப் பிந்தியும் நிலைமை பெரிதாக மாறவில்லை. 1980-ஆம் ஆண்டு விதிப்படி ஆட்குறைப்பு செய்தால், ஐந்தாண்டுக்கு மேல் உழைத்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் கூலி. இருபது வருடம் கித்தா மரம் வெட்டியவருக்கு 400 நாள் கூலி வர வேண்டும். முதலாளி திவாலானால் அதையும் வாங்க முடியாமல் நின்றவர்கள் உண்டு. இஐஎஸ் வேண்டும் என்று தொழிற்சங்கங்கள் கேட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்றைக்கு எனக்குப் படும் பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. கொந்தராக்டரிடம் நாள்கூலிக்குப் போகிறவர், சம்பளச் சீட்டே வாங்காதவர், இந்தத் திட்டத்துக்குள் வருவதில்லை. காசு வாங்கிக்கொண்டு சும்மா இருக்கிறார் என்று பேசப்படுகிறவர் பல சமயம் இவர்தான். இவருக்கு அலவன்ஸே கிடையாது. சொக்சோவும் இஐஎஸ்ஸும் பிடித்திருக்கிறார்களா என்று மாதாமாதம் சீட்டைப் பாருங்கள். பிடித்திருந்து வேலை போனால், நீக்கக் கடிதத்தோடு 60 நாளுக்குள் மனுச் செய்ய வேண்டும். அறுபதாம் நாளைத் தாண்டிப் போனால் கட்டிய சந்தா கைகொடுக்காது.