கஞ்சியும் காகிதமும்

ஜெய்ப்பூர் ரயில்வே குடியிருப்பில் வாழும் எங்களைப் போன்றோர் வீடுகளில் பழைய தாள்களுக்குக் குறைவில்லை. பிள்ளைகள் எழுதி முடித்த நோட்டுப் புத்தகங்களும் திருமண அழைப்பிதழ்களும் பரணில் குவிந்து கிடக்கும். எடைக்குப் போட்டால் சில ரூபாய் கிடைக்கும், அவ்வளவே. சென்ற கோடை விடுமுறையில் அக்குவியலை நாங்கள் விற்கவில்லை. அதிலிருந்து தாள் செய்தோம். அத்தாளைக் கொண்டு ஒரு புத்தகமும் தைத்தோம். அதன் வரலாற்றை நம் சங்கத்து அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

அப்போது தஞ்சை மாவட்டத்துச் சிற்றூரிலிருந்து எங்கள் தாயார் வந்திருந்தார். அவருக்குக் கண்பார்வை மங்கி வருகிறது. ஐந்தாம் வகுப்பில் படிக்கும் எங்கள் மகளோ இந்தியும் ஆங்கிலமும் தடையின்றி எழுதுவாள். தமிழைத் தட்டுத் தடுமாறித்தான் எழுதுவாள். பாட்டி சொல்லும் கதைகளை ஆவலுடன் கேட்பாள்; மறுநாள் பாதியை மறந்துவிடுவாள். "நான் போயிட்டா இதையெல்லாம் இதுக்கு யாருப்பா சொல்லுவா?" என்று தாயார் ஒருநாள் கேட்ட கேள்வி எங்கள் நெஞ்சில் தைத்தது. எழுதி வைக்கும்படி கடையில் ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்தோம். இரண்டு பக்கத்துடன் அது நின்றுபோயிற்று. தன் கையால் செய்த புத்தகமானால் எழுதுவாளோ என்ற எண்ணம் அப்போதுதான் உதித்தது.

தாள் செய்வது கடினமான வித்தையன்று. பழைய தாள்களைச் சிறு துண்டுகளாகக் கிழித்து ஓரிரவு நீரில் ஊறவைக்க வேண்டும். மறுநாள் ஒரு கைப்பிடி தாளுக்கு நிறைய நீர் விட்டு மிக்ஸியில் அரைத்தால் கூழாகும். அகன்ற தொட்டியில் நீர் நிரப்பி அக்கூழைக் கரைத்துவிட வேண்டும். 10 அங்குல நீளமும் 7 அங்குல அகலமும் உள்ள மரச்சட்டம் ஒன்றில் கொசுவலையை இழுத்து ஆணியடித்துக் கொண்டோம். அதே அளவுள்ள வெறுஞ்சட்டம் ஒன்றை அதன்மேல் வைத்து, இரண்டையும் சேர்த்துப் பிடித்துத் தொட்டியில் அமிழ்த்தி, மட்டமாகத் தூக்க வேண்டும். நீர் வடியும்போதே முன்னும் பின்னும், இடமும் வலமும் மெல்ல அசைத்தால் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். பிறகு மேற்சட்டத்தை நீக்கி, வலைச்சட்டத்தை ஈரத்துணியின்மேல் கவிழ்த்தால் தாள் துணியில் ஒட்டிக்கொள்ளும். இவ்வாறு அடுக்கி, பலகைகளுக்கு இடையே வைத்து, மேலே பாரம் ஏற்றிப் பிழிந்து உலர்த்தினோம். இவ்வூர்க் கோடை வெயிலில் ஒரே பகலில் காய்ந்துவிட்டன.

தாள்களைக் கண்டு வீடே மகிழ்ந்தது. அம்மகிழ்ச்சி நெடுநேரம் நீடிக்கவில்லை. மகள் பேனாவால் "பாட்டி" என்று எழுதினாள். மை நாற்புறமும் பரவி, எழுத்து ஒரு நீலக் கறையாயிற்று. அவள் கண்ணில் நீர் ததும்பியது. தாயார் ஒரு தாளைத் தடவிப் பார்த்தார். "மை உறிஞ்சுற தாளு மாதிரில்ல இருக்கு! வேட்டிக்குப் போடுற மாதிரி கஞ்சி போட்டுப் பாருங்க" என்றார்.

அரிசிக் கஞ்சியை நீர்க்கக் காய்ச்சி, வடிகட்டி, தாள்களின் இருபுறமும் தடவி மீண்டும் உலர்த்தினோம். வழவழப்பான கூழாங்கல்லால் தேய்த்து மெருகிட்டோம். இப்போது எழுத்து நின்றது!

நகருக்குத் தெற்கேயுள்ள சாங்கானேருக்கு அதன் பின்னரே சென்றோம். வழிவழியாகக் காகிதம் செய்துவரும் காகஸி மரபினர் வாழும் ஊர் அது. காகிதம் என்னும் நம் சொல்லும் காகஸி என்னும் அவர்கள் பெயரும் ஒரே வேரிலிருந்து வந்தவை. பழங்காலத்தில் இந்நாட்டுக் காகிதத் தொழிலாளரும் அரிசி அல்லது கோதுமைக் கஞ்சியைத் தாளில் பூசி, கல்லாலோ சங்காலோ மெருகிட்டே எழுதத் தக்கதாக்கினர் என்று அறிந்தோம். வீட்டுக்கு வந்து தாயாரிடம் சொன்னபோது, "கஞ்சியைப் பத்தி எனக்கா சொல்லித் தரணும்?" என்று சிரித்தார்.

அவ்வூரில் வேறொரு வியப்பும் காத்திருந்தது. அங்குள்ள கைத்தாள் ஆய்வு நிலையம் ஒரு தமிழரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. தஞ்சையில் 1892-ஆம் ஆண்டு பிறந்த ஜே. சி. குமரப்பாவே அவர். காந்தியடிகளின் முயற்சியால் 1934-இல் வார்தாவில் அமைந்த அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தின் செயலாளராக இருந்து, கைத்தாள் உள்ளிட்ட குடிசைத் தொழில்களுக்குப் புத்துயிர் அளித்தவர். பின்னலாடைத் தொழிலில் கழியும் பருத்தித் துண்டுகளே இன்றைய கைத்தாளுக்குச் சிறந்த மூலப்பொருள். பழைய தாளின் இழைகள் ஒவ்வொரு முறை அரைபடும்போதும் குறுகும். பருத்தி இழை நீளமானது, ஆதலால் அத்தாள் உறுதியாக நிற்கும். இதை அறிந்தபின், பழைய பருத்தித் துணியையும் நுண்ணிய துணுக்குகளாக நறுக்கி, நன்றாக ஊறவைத்து, சிறிது சிறிதாகக் கூழில் சேர்க்கத் தொடங்கினோம்.

தைப்பது இன்னும் எளிது. நான்கு தாள்களை ஒன்றினுள் ஒன்றாக மடித்தால் 16 பக்கங்கள். மடிப்பில் நடுவே ஒன்றும் மேலும் கீழும் ஒவ்வொன்றுமாக மூன்று துளைகள் இட வேண்டும். மெழுகு தேய்த்த நூலை உள்ளிருந்து நடுத்துளை வழியே வெளியே இழுத்து, மேல்துளையில் உள்ளே நுழைத்து, நடுவைத் தாண்டிக் கீழ்த்துளையில் வெளியேற்றி, மீண்டும் நடுத்துளையில் உள்ளே கொண்டுவந்து, நெடுந்தையலை அணைத்து முடிச்சிட்டால் புத்தகம் ஆயிற்று. தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூலாகிய தம்பிரான் வணக்கமும் 16 பக்கமே. அது 1578-இல் கொல்லத்தில் அச்சானது.

பாட்டி சொல்ல, பேத்தி எழுதினாள். வயலில் களை எடுத்த நாட்கள், புயலில் கூரை பறந்த இரவு, எங்கள் தந்தையார் முதன்முதல் ரயிலேறிய கதை என ஒவ்வொன்றாக ஏறின. எத்தனையோ பிழைகள், "மழை" பல இடங்களில் "மலை" ஆயிற்று. நாங்கள் திருத்தவில்லை. எட்டாம் பக்கத்திலிருந்து அவளே திருத்திக்கொண்டாள். பதினாறும் நிரம்பியபோது, "அப்பா, இன்னும் நாலு தாள் செய்யலாமா?" என்று கேட்டாள்.

தாயார் ஊருக்குத் திரும்பும்போது புத்தகத்தைத் தம்முடன் எடுத்துச் செல்லுமாறு கூறினோம். அவர் மறுத்துவிட்டார். "எனக்கு எதுக்கு? எனக்குத்தான் தெரியுமே. இது இங்கேயே இருக்கட்டும்" என்று பேத்தியின் கையில் வைத்தார். பூச்சி அணுகாதிருக்க உலர்ந்த வேப்பிலை இட்டு வைத்திருக்கிறோம்.

நம் இல்லங்களில் பழைய தாளும் உண்டு, கஞ்சியும் உண்டு. கதை சொல்லும் முதியோரும் இருக்கும்போதே தொடங்குவது நலம்.